செல்லுக்குள்ளே ஓடும் கன்டெய்னர் லாரிகள்... அவற்றை நிறுத்திவைக்கும் இரண்டு பூக்கள்!

டோல்கேட்டில் இறங்கி, கடற்கரைப் பக்கம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு நடந்து போனால் பெரும்பாலான நாள்களில் ஒரே காட்சிதான். துறைமுகத்துக்குள் போகவேண்டிய கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சில டிரைவர்கள் கேபினுக்குள்ளேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்கள். சரக்கு இருக்கு, லாரி இருக்கு, அந்தப் பக்கம் கப்பலும் காத்திருக்கு. ஆனா ரோடு நகரலைன்னா எதுவும் நகராது. இதை வடசென்னைக்காரங்களுக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் உடம்பில் இருக்கிற கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் இதே மாதிரி ரோடு, லாரி, சரக்கு, முகவரி எல்லாம் இருக்கிறது. எல்லாமே புரதங்கள். ரோடு ஒரு புரதம். லாரி இன்னொரு புரதம். இந்த செல் இனி வேண்டாம் என்று முடிவானால் அதைப் பிரித்து மேய்வதும் புரதங்கள்தான். புரதம்னா முட்டை, சிக்கன், ஜிம் பவுடர் என்று மட்டுமே நினைக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சர்யமாக இருக்கலாம்.

'சரி, பயாலஜி கிளாஸ் எதுக்கு இப்போ?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியைப் பறித்துத் தின்றால் சுகர் போய்விடும், கேன்சர்கூடக் குணமாகும் என்று ஃபேமிலி குரூப்களில் ஒரு தகவல் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைப் பற்றியும் அதேபோல மூலிகைக் குறிப்புகள் உலவுகின்றன. இந்த இரண்டு செடிகளும் செல்லுக்குள் போய் கைவைப்பது ஒரே இடத்தில்தான். அது அந்த ரோடு! அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், அந்த மெசேஜை ஃபார்வேர்டு பண்ண கை வராது.

காசிமேட்டுக் கடம்பாவும் 'கைனசின்' கதையும்

முதலில் லாரி. காசிமேட்டில் கடம்பா வாங்கியிருப்பீர்கள். வேறு ஊர்களில் கணவாய் என்பார்கள். ரிங் ரிங்காக வெட்டி ஃப்ரை பண்ணினால் தனி ருசி. விஞ்ஞானிகளுக்கும் இது ரொம்பப் பிடித்த உயிரினம், ஆனால் வேறு காரணத்துக்காக. கணவாயின் உடம்பில் ஒரு நரம்பிழை இருக்கிறது. சில இனங்களில் அதன் தடிமன் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். நம் நரம்பிழைகள் பெரும்பாலும் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. ஆபத்து வந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தண்ணீரைப் பீய்ச்சியடித்துத் தப்பிக்க, கணவாய்க்கு அவ்வளவு தடிமனான 'வயர்' தேவைப்படுகிறது.

அந்த நரம்பிழைக்குள் இருக்கிற கூழை, டூத்பேஸ்ட் பிதுக்குவதுபோலப் பிதுக்கி எடுக்கலாம். பிதுக்கி கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல் செத்த பிறகும் உள்ளே இருந்த சின்னச்சின்னப் பொட்டலங்கள் கோடு பிடித்த மாதிரி நகர்ந்துகொண்டே இருக்கும். எது அவற்றை இழுக்கிறது?

இதைத் தேடிப் போனவர்கள் ரான் வேல், மைக்கேல் ஷீட்ஸ், தாமஸ் ரீஸ் உள்ளிட்ட குழுவினர். வேல் அப்போது கலிஃபோர்னியாவில் மாணவர். எல் நினோவால் அந்த வருஷம் அங்கே கடலில் கணவாய் சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் அமெரிக்காவின் மறுகோடியில் இருக்கிற வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்குக் கிளம்பிப் போனார். மீன் பாடு இல்லையென்றால் ஆராய்ச்சியும் படுத்துவிடும் என்பது காசிமேட்டுக்காரர்களுக்குப் புரியும். அங்கேதான் 1985-ல் அந்த 'லாரி'யைப் பிரித்தெடுத்தார்கள். 'நகர்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு கைனசின் என்று பெயர் வைத்தார்கள்.

லாரி என்று சொல்கிறேனே தவிர, கைனசினுக்குச் சக்கரம் கிடையாது. இரண்டு கால்கள். மூட்டை தூக்குகிற தொழிலாளி மாதிரி, தலைக்கு மேல் சரக்கை வைத்துக்கொண்டு ஒரு கால், அடுத்த கால் என்று நடக்கிறது. ஒரு அடி 8 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 1,25,000-ல் ஒரு பங்கு. ஒவ்வொரு அடிக்கும் ஏ.டி.பி என்கிற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகும். நொடிக்கு 100 அடி வரை நடக்கும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு நடக்கணுமா, சரக்கு தானாகவே மிதந்து போகாதா? சின்ன செல்லில் போகும். ஆனால், கால் கட்டைவிரலை இயக்குகிற நரம்பு செல்லின் தலைமை அலுவலகம் முதுகுத்தண்டில் இருக்கிறது. அங்கிருந்து பாதம் வரை ஒரே செல்லின் வால் கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம் போகிறது. முதுகுத்தண்டில் தயாராகும் ஒரு புரதம், மிதந்தே பாதத்துக்குப் போய்ச் சேர ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும் என்கிறது கணக்கு. கைனசின் குடும்பம் தூக்கிக்கொண்டு நடந்தால், வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் வரை போகும். இரண்டரை நாளில் டெலிவரி! அந்த 1 மீட்டரைக் கடக்க 12.5 கோடி அடிகள்.

சரக்கு எந்த கேட்டுக்குப் போகணும்னு யார் சொல்வது? புரதம் தயாராகும்போதே அதன் மேல் முகவரி ஒட்டப்பட்டுவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் குந்தர் புளோபல். 1999-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதங்களைத் தயாரிக்கிற தொழிற்சாலையான ரைபோசோமின் வடிவத்தைக் காட்டியதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த நம்ம வெங்கி ராமகிருஷ்ணன்.

திரும்பி வருகிற லாரியில் ஏறும் வெறிநாய்க்கடி வைரஸ்

போகிற லாரி இருந்தால் திரும்புகிற லாரியும் வேண்டுமே. கைனசின்கள் பெரும்பாலும் செல்லின் மையத்திலிருந்து ஓரத்துக்குப் போகின்றன. ஓரத்திலிருந்து மையத்துக்குச் சரக்கை இழுத்து வருகிற புரதத்தின் பெயர் டைனீன். தேய்ந்துபோன பாகங்கள், 'இங்கே இப்படி ஒரு பிரச்னை' என்கிற தகவல்கள் எல்லாம் டைனீன் வழியாகத்தான் தலைமை அலுவலகத்துக்குத் திரும்பும்.

இந்த ரிட்டர்ன் டிரிப்பில் திருட்டுத்தனமாக ஏறிக்கொள்ளும் ஒரு ஆள் உண்டு. வெறிநாய்க்கடி வைரஸ். நாய் கடித்த இடத்தில் நரம்பின் நுனிக்குள் நுழைகிற இந்த வைரஸ், டைனீன் மேல் சவாரி செய்து முதுகுத்தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தெரிய 2 முதல் 3 மாதங்கள் ஆகும். ஒரு வாரத்திலேயே தெரிவதும் உண்டு, ஒரு வருஷம் ஆவதும் உண்டு. முகத்திலோ கையிலோ கடித்தால் ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் பதறுவதற்கு ஒரு காரணம் இந்தத் தூரக் கணக்கு. அங்கிருந்து மூளைக்கு ரோடு குறைவு.

வைரஸ் நடந்துகொண்டிருக்கும்போதே தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பித்துவிட வேண்டும். அறிகுறி வந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் நாய் கடித்தால் மஞ்சள் தடவுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். ஸ்டான்லி மாதிரியான அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதல் ஊசி போட்டதும் 'நாய் நல்லாத்தானே இருக்கு' என்று மீதி ஊசிகளை விட்டுவிடாதீர்கள்.

ரோட்டைக் காட்டிக்கொடுத்த விஷம்

இப்போது ரோட்டுக்கு வருவோம். செல்லுக்குள் இருக்கிற இந்த ரோட்டுக்கு நுண்குழல் என்று பெயர். உள்ளே காலியான குழாய். விட்டம் 25 நானோமீட்டர். டியூபுலின் என்கிற புரதத்தின் இரண்டு வகைகள் ஜோடி சேர்ந்து, அந்த ஜோடிகள் செங்கல் மாதிரி வரிசையாக அடுக்கப்பட்டு, பொதுவாக 13 வரிசைகள் சேர்ந்து ஒரு குழாய் ஆகிறது. ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். கைனசினின் ஒரு அடி எவ்வளவு என்று மேலே சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு செங்கல்லிலும் ஒரு கால் வைக்கிற இடம், அவ்வளவுதான் கணக்கு.

நம்ம ஊர் ரோடு போட்டு முடித்தவுடன் தோண்டுவார்களே, அது அப்படியே இங்கேயும் நடக்கிறது. ஆனால், இங்கே அது திட்டமிட்டு நடப்பது. நுண்குழலின் ஒரு நுனியில் டியூபுலின் சேர்ந்துகொண்டே போகும், திடீரென்று பொலபொலவென உதிரும், மறுபடி வளரும். 1984-ல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் இதைக் காட்டினார்கள். எங்கே தேவையோ அங்கே ரோட்டை உடனே திருப்பிவிட செல்லுக்கு இது வசதி. அதே நேரம், செல்லுக்கு வடிவம் கொடுக்கும் எலும்புக்கூட்டிலும் இந்தக் குழாய்களுக்குப் பங்கு உண்டு. ஆக்டின் இழைகள், கெரட்டின் போன்ற கயிறுகள் என்று கூட்டாளிகள் வேறு இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

இந்த ரோட்டுக்கு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் சரிபாதியாக இழுத்துப் பிரிப்பது இந்த நுண்குழல்கள்தான். அந்த நேரத்தில் செல் தன் பழைய ரோடுகளைக் கலைத்துவிட்டு, இதற்கென்றே புதிதாகக் கட்டும்.

செங்காந்தள் உள்ளே வருவது இங்கேதான். கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கம் இதைப் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். அதிலிருந்து கிடைக்கிற விதை வெளிநாடுகளுக்குப் போகிறது. காரணம், அதில் இருக்கிற கோல்ச்சிசின் என்கிற பொருள். கவுட் எனப்படும் யூரிக் அமில மூட்டுவலிக்கு மாத்திரையாக வருவது இதுதான்.

கோல்ச்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த செங்கல் ரோட்டில் ஒழுங்காக உட்காராது. சரியாகச் சொன்னால், டியூபுலின் என்று ஒரு புரதம் இருப்பதே இப்படித்தான் தெரியவந்தது. 1960-களில் சிகாகோவில் எட்வின் டெய்லரும் கேரி போரிசியும் கோல்ச்சிசின் செல்லுக்குள் போய் எதைப் பிடிக்கிறது என்று தேடினார்கள். அது பிடித்துவைத்திருந்த புரதம்தான் பின்னால் டியூபுலின் என்று பெயர் பெற்றது. நம் மாநில மலரில் இருக்கிற விஷம்தான் செல்லின் ரோட்டைக் காட்டிக்கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. ஐரோப்பாவில் அதே பொருள் வேறொரு செடியிலிருந்தும் எடுக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மூட்டுவலிக்கு இது ஏன் கேட்கிறது? வீங்கிய மூட்டுக்குள் படையெடுத்து வருகிற வெள்ளை அணுக்களுக்கு இந்த ரோடு தேவை. அதைக் கொஞ்சம் குலைத்தால் படை மந்தமாகும், வீக்கம் குறையும். அந்தக் 'கொஞ்சம்' என்பதுதான் விஷயமே. மாத்திரையின் அளவே 0.5 மில்லிகிராம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறுகல். கவுட்டுக்கு கோல்ச்சிசின் எடுக்கிற அப்பாவோ மாமாவோ வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளைக் கூடவே எடுத்தால், கோல்ச்சிசின் உடம்பை விட்டு வெளியேறாமல் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். சளிக்குத்தானே என்று மெடிக்கலில் நேரடியாகக் கேட்டு வாங்குகிற பழக்கம் இங்கே ரொம்பவே ஆபத்தானது.

கிழங்கை நேரடியாகச் சாப்பிடுவது அதைவிட மோசம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் இலங்கையில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முதலில் வாந்தி, பேதி. ஃபுட் பாய்சன் என்று நினைக்கத் தோன்றும். ஓரிரு நாளில் ஒவ்வொரு உறுப்பாகத் தடுமாற ஆரம்பிக்கும். பிழைத்தவர்களுக்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்... வரிசையைப் பார்த்தீர்களா? எல்லாமே உடம்பில் வேகமாகப் பிரிந்து பெருகுகிற செல்கள். பிரியும் நேரத்தில் ரோடு இல்லாமல் மாட்டிக்கொள்பவை. இதற்கென்று கைவசம் இருக்கிற மாற்று மருந்து எதுவும் ஆஸ்பத்திரிகளில் கிடையாது.

புதுப்பேட்டை ஸ்டைலில் ஒரு மரணம்

ரோடு இல்லாமல் மாட்டிக்கொண்ட செல் என்ன ஆகும்? சாகும். ஆனால், எப்படிச் சாகிறது என்பது சுவாரஸ்யம்.

ஒரு பழைய கார் முடிவுக்கு வர இரண்டு வழிகள் இருக்கின்றன. நடுரோட்டில் தீப்பிடித்து எரியலாம். பக்கத்தில் நின்ற வண்டியும் சேர்ந்து கருகும். இல்லையென்றால் புதுப்பேட்டைக்குப் போகலாம். அங்கே கதவு தனி, இன்ஜின் தனி, கண்ணாடி தனி என்று கழற்றி, ஒரு போல்ட்கூட வீணாகாமல் கைமாறும். பக்கத்துக் கடைக்காரருக்குச் சத்தம்கூடக் கேட்காது. செல்லுக்கும் இந்த இரண்டு வழியும் உண்டு. காயம்பட்டோ வெந்தோ சாவது முதல் வகை. திட்டமிட்டுத் தன்னைத்தானே பிரித்துக்கொள்வது இரண்டாவது. இரண்டாவதற்கு 1972-ல் கெர், வைலி, கர்ரி என்ற மூவர் வைத்த பெயர் அப்போப்டோசிஸ். கிரேக்கத்தில் இலை, பூ உதிர்வதைக் குறிக்கும் சொல். 'உதிர்வு' என்று தமிழில் சொன்னால் பொருத்தமாகவே இருக்கிறது.

இந்த வேலைக்கென்றே காஸ்பேஸ் என்று ஒரு புரதக் கூட்டம் எல்லா நேரமும் செல்லுக்குள் இருக்கிறது, பூட்டிய நிலையில். பி.சி.எல்-2 என்கிற புரதமும் அதன் சொந்தக்காரர்களும் வாட்ச்மேன்கள். செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் யாரும் ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்வது இவர்கள் டியூட்டி. பேக்ஸ், பேக் என்று இன்னும் இரண்டு புரதங்கள், சந்தர்ப்பம் கிடைத்தால் ஓட்டை போடக் காத்திருப்பவை. வாட்ச்மேன்கள் பலவீனமாகும்போது ஓட்டை விழும். உள்ளே இருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும். வழக்கமாக மின்சாரம் தயாரிக்க உதவுகிற ஆள் அது. வெளியே வந்தால் மரண அறிவிப்பு! அதைப் பார்த்ததும் ஏழு ஆரங்கள் கொண்ட சக்கரம் மாதிரி ஒரு கூட்டமைப்பு உருவாகி, காஸ்பேஸ்களின் பூட்டைத் திறந்துவிடும். அவை செல்லின் எலும்புக்கூட்டை வெட்டும், உட்கருவின் உள்சுவரைத் தாங்கும் லாமின் புரதத்தை வெட்டும், டி.என்.ஏ-வைத் துண்டுபோடும் கத்தரியை அவிழ்த்துவிடும். கடைசியில் செல் சின்னச்சின்ன மூட்டைகளாகப் பிரியும். 'என்னைத் தின்னலாம்' என்கிற அடையாளம் வெளியே தொங்கும். பக்கத்தில் இருக்கிற செல்கள் விழுங்கிவிடும்.

கேட்கப் பயமாக இருக்கலாம். ஆனால், கருவில் நம் கைவிரல்கள் தனித்தனியாகப் பிரிந்ததே நடுவில் இருந்த செல்கள் இப்படி உதிர்ந்ததால்தான். உடம்பில் ஒரு நாளைக்கு 30,000 கோடிக்கு மேற்பட்ட செல்கள் போய்ப் புதியவை வருகின்றன என்பது ஒரு மதிப்பீடு. அதில் பெரும்பகுதி ரத்த செல்கள். இந்த மரணத்துக்கான ஜீன்களை ஒரு சின்னப் புழுவில் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹோர்விட்ஸ். அந்தப் புழுவில் உருவாகும் 1,090 உடல் செல்களில் 131 மட்டும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் உதிர்ந்துவிடும். 2002-ல் சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோருடன் சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது.

உதிர வேண்டிய செல் உதிராமல் அடம்பிடித்துப் பெருகினால்? கேன்சருக்கான வழிகளில் அதுவும் ஒன்று.

நித்தியகல்யாணி: இலைக்கும் ஊசிக்கும் நடுவில்

1952-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு டாக்டருக்கு ஜமைக்காவிலிருந்து தபாலில் கொஞ்சம் இலைகள் வந்தன. அந்த ஊரில் சுகருக்கு இதைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று தகவல். நம்ம நித்தியகல்யாணிதான். அவருடைய தம்பி ராபர்ட் நோபிளும், சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி சுகர் குறையவில்லை. ஆனால், சாற்றை ஊசியாகப் போட்ட எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின. ஏன் என்று பார்த்தால், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன.

வேறு யாராவது என்றால் 'ஒர்க் அவுட் ஆகலை' என்று மூடிவைத்திருப்பார்கள். இவர்கள் திருப்பிப் போட்டு யோசித்தார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியிலிருந்து அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனி பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-ல் மருந்தாக அனுமதி பெற்றது. இரண்டும் டியூபுலினைத்தான் பிடிக்கின்றன. கோல்ச்சிசின் பிடிக்கிற இடம் வேறு, இவை பிடிக்கிற இடம் வேறு. விளைவு ஒன்று: ரோடு கட்ட முடியாது.

கேன்சர் செல் பிரியத் தயாராகும்போது இது நடந்தால், குரோமோசோம்களை இழுக்க ஆள் இல்லாமல் செல் பாதியில் நிற்கும். எல்லாக் கயிறும் மாட்டியாச்சா என்று சரிபார்க்கிற புரதங்கள் பச்சைக்கொடி காட்டாது. மணிக்கணக்கில் டிராஃபிக் ஜாம். அப்படி நிற்கும்போது எம்.சி.எல்-1 என்கிற ஒரு வாட்ச்மேன் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டே வரும். அது தீர்ந்தால் மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை, காஸ்பேஸ், புதுப்பேட்டை. மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற பாக்ளிடாக்சல், இதற்கு நேரெதிர். ரோட்டை உதிரவே விடாமல் இறுக்கிப் பிடித்துவிடும். சிமென்ட் போட்டு உறைந்த ரோட்டாலும் செல் பிரிய முடியாது என்பதால் முடிவு அதேதான்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு, வேறு மருந்துகளோடு சேர்த்து வின்கிரிஸ்டின் இன்றைக்கும் முதன்மையான மருந்து. 1980-களின் மத்தியில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும் இந்தியக் குழந்தைகளுக்கென ஒரே சிகிச்சை முறையைக் கையில் எடுத்தபோது அதிலும் இது இருந்தது. அதற்குப் பிறகு பிழைத்து வீடு திரும்பிய குழந்தைகளின் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியைப் பயிராக்கி, இலையும் வேரும் மருந்து கம்பெனிகளுக்குப் போவதும் நடக்கிறது.

அப்போ பூவைத் தின்றால் என்ன தப்பு? ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. ஒரு முழு ஆளுக்கு ஒரு தடவைக்குப் போடுவது அதிகபட்சம் 2 மில்லிகிராம், அதுவும் ரத்தக்குழாயில் மட்டும். ஆக, நாலு பூவில் கேன்சரைக் குணப்படுத்துகிற அளவு மருந்து கிடையாது. அதே செடியில் 100-க்கு மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகள் இருக்கின்றன; கஷாயத்தில் எது எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பலாம் என்கிற அளவுக்கு ஆதாரமும் இல்லை. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் கூடவே இதையும் குடித்தால், ஏற்கெனவே குறைந்திருக்கிற வெள்ளை அணுக்களோடு விளையாடுகிறார் என்று அர்த்தம்.

கால் மரத்துப்போனால்...

இந்த மருந்துக்கு எது கேன்சர் செல்லின் ரோடு, எது நரம்பின் ரோடு என்று வித்தியாசம் தெரியாது. நரம்பு செல்கள் பிரிவதில்லை, அதனால் அவை அந்த 'ஜாம்' வழியில் சாவதில்லை. ஆனால், 1 மீட்டர் தூரத்துக்குச் சரக்கு அனுப்ப அவற்றுக்கு ரோடு வேண்டும். ரோடு குலைந்தால் முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடி. அதாவது, கால்விரல் நுனியும் கைவிரல் நுனியும். வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்சல் எடுப்பவர்களில் பலருக்கு 'ஊசி குத்துது, மரத்துப்போகுது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு' என்று ஆரம்பிப்பது அதனால்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டுகிற ஒருவருக்கு கிளட்ச் மேல் கால் இருக்கா இல்லையா என்றே தெரியவில்லை என்றால், அது வேலையையும் உயிரையும் பற்றிய பிரச்னை.

நிறைய பேர் இதைச் சொல்வதில்லை. 'கேன்சரே இருக்கு, கால் மரத்துப்போறதெல்லாம் ஒரு பெரிய விஷயமா' என்று விட்டுவிடுகிறார்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்கிற பயமும் இருக்கிறது. ஆனால், ஆரம்பத்திலேயே சொன்னால் டாக்டரால் அளவைக் குறைக்கவோ, ஒரு டோஸைத் தள்ளிவைக்கவோ முடியும். குதிகாலால் நடக்க முடியாமல் பாதம் தொங்குவது, தாடை வலி, நாள்கணக்கில் மலச்சிக்கல் ஆகியவையும் வின்கிரிஸ்டினின் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். பூஞ்சைத் தொற்றுக்குத் தருகிற இட்ராகோனசோல், வோரிகோனசோல் மருந்துகள் இந்தப் பாதிப்பைக் கூட்டிவிடும் என்பதால், வேறு டாக்டரிடம் போனாலும் கீமோ விவரத்தை முதலில் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது பரம்பரையாக வருகிற நரம்புத் தளர்ச்சி நோய் இருந்தால் சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே சொல்வது அவசியம்.

மருந்து நின்ற பிறகும் சில வாரங்களுக்கு மரத்துப்போவது கூடலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்லச் சரியாகும். மெல்ல என்றால் நிஜமாகவே மெல்லத்தான். அறுந்த நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். முழங்காலிலிருந்து பாதம் வரை என்றாலே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை வெறுங்காலோடு வெயிலில் நடக்காதீர்கள். குளிக்கிற வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். பாதத்தில் வெட்டு, கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் ராத்திரி ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு 'மரத்துப்போகுது' என்று சொல்லத் தெரியாது. அடிக்கடி தடுக்கி விழுகிறதா, சட்டை பட்டன் போட முடியாமல் திணறுகிறதா, பென்சில் கையிலிருந்து நழுவுகிறதா, மாடிப்படி ஏறத் தூக்கச் சொல்லி அடம்பிடிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்த டோஸ் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.